சுக்கானுக்கு எட்டிய கயிறு

சுக்கானின் வாயில் எப்போதும் கருவாட்டு மணம் இருக்கும். விடியற்காலை சுபஹுக்குப் பாங்கு சொல்லி ஓய்கிற நேரம் அவன் என் பாயில் ஏறி, என் நெஞ்சில் முன்கால் இரண்டையும் ஊன்றி, மூக்கோடு மூக்கு வைத்து மூச்சு விடுவான். அந்த உப்பு மணத்தில்தான் நான் சின்ன வயதில் கண் விழித்தேன். முகம் கழுவினாலும் அது கொஞ்ச நேரம் போகாது. இப்போது கடைத்தெருவில் கருவாட்டுச் சாக்கு அவிழ்க்கிற இடத்தைக் கடந்து போக நேர்ந்தால் என் கால் தானாக நின்றுவிடுகிறது. கூட வருகிறவர்கள் எனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்துக் கையைப் பிடிக்கிறார்கள்.

சுக்கான் என்றால் கப்பலைத் திருப்புகிற பலகை. எங்கள் பூனைக்கு அந்தப் பெயரை வைத்தது வாப்பா. மண்ணிறத்தில் வரி வரியாக இருந்த அவன் வாலை நேராக நிமிர்த்திக்கொண்டு நடப்பான், வால் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் திரும்புவான். "பாரு மகள், இவன் வாலாலதான் ஓடுறான்" என்று வாப்பா சொன்னதோடு பெயர் நிலைத்துவிட்டது. உம்மா மட்டும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டா. "உங்கட கப்டன்" என்பா, அதுவும் கோபம் வருகிற நேரம் மட்டும்.

சாய்ந்தமருதில் கடற்கரை வீதியிலிருந்து பிரிகிற குறுகிய ஒழுங்கைக்குள்ளே எங்கள் வீடு. வாப்பா, உம்மா, நான், சுக்கான், அவ்வளவுதான். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. வாசலில் நின்ற முருங்கை மரத்துக்கும் குசினிச் சுவரில் அடித்த ஆணிக்கும் நடுவில் ஒரு நைலோன் கயிறு இருந்தது. விற்காமல் மிஞ்சிய மீனை வாப்பா நீட்டு நீட்டாக வெட்டி, உப்புத் தண்ணீரில் அலசி, அந்தக் கயிற்றில் காயப்போடுவார். எங்கள் வீட்டில் நடந்த சண்டை முழுக்க அந்தக் கயிற்றின் உயரத்தைப் பற்றியதுதான். வாப்பா தன் தலைக்கு மேலே கட்டுவார். சுக்கான் தண்ணீர் வாளியில் ஏறி, வாளியிலிருந்து மதிலில் ஏறி, மதிலிலிருந்து பாய்ந்து ஒரு துண்டோடு கீழே விழுவான். குசினிக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வரும்.

"கயித்த ஒசத்திக் கட்டுங்க, ஒசத்திக் கட்டுங்க எண்டு எத்தன தரம் சொல்ற? உங்கட கப்டன் கறிக்கு ஒரு துண்டு மிச்சம் வெக்காரில்ல!"

"இதுக்கு மேல ஒசத்துறதெண்டா பள்ளி மினாராவுலதான்கா கட்டணும்" என்பார் வாப்பா.

"அப்ப அங்க கொண்டு பெய்த்துக் கட்டுங்க. பாங்கு சொல்ற மோதினார் திங்கட்டும்."

வாப்பா சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு சாண் ஏற்றிக் கட்டுவார். மறுநாள் சுக்கான் இன்னும் ஒரு சாண் உயரப் பாய்வான். தோற்றுப்போனது யார் என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் ஒன்று நிச்சயம், வாப்பா ஒரு நாளும் அந்தக் கயிற்றைத் தாழப் பதித்துக் கட்டியதில்லை.

வாப்பாவிடம் இருந்தது சின்னதொரு ஃபைபர் தோணி, பின்னால் பூட்டுகிற எஞ்சினோடு. மற்றவர்கள் இரண்டு மூன்று பேராகப் போகும்போது அவர் தனியே போவார், ஏனென்றால் அவருக்கு ஓர் இடம் தெரியும். கரையிலிருந்து நெடுந்தூரம் போய், பள்ளி மினாராவும் அதற்குப் பின்னால் நிற்கிற தண்ணீர்த் தாங்கியும் ஒன்றுக்குள் ஒன்று மறைய வேண்டும். அதே நேரம் தெற்கே தூரத்து மலையின் கூம்பு தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் வந்து குந்த வேண்டும். இந்த இரண்டும் பொருந்துகிற இடத்தில் கீழே ஒரு பழைய இரும்புக் கப்பல் மூழ்கித் தாண்டு கிடந்தது. அதன் இடுக்குகளில் கலவாய் மீன் பெருகிக் கிடக்கும். எந்தக் காலத்துக் கப்பல், யாருடையது, எதனால் தாண்டது என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. வாப்பா அதைக் "கப்பலடி" என்பார். இப்படி ஓர் இடம் கிடைத்தவன் அதைக் கூடப் பிறந்தவனுக்கும் சொல்ல மாட்டான், அதுதான் எங்கள் கரையின் வழக்கம். வாப்பா எனக்கு மட்டும் சொன்னார், நான் தோணியில் போக முடியாத பெண்பிள்ளை என்பதால் சொன்னாரோ, என்னவோ.

கப்பலடியில் போட்ட வலையில் சில நாள் மீனோடு வேறு சாமானும் சிக்கி வரும். வாப்பா அதை உடுத்த சாரன் மடியில் ஒளித்துக்கொண்டு வந்து, என் கையை விரிக்கச் சொல்லி, உள்ளங்கையில் வைத்து, "சொல்லு மகள், ஆர்ர இது?" என்பார். அதுதான் எங்கள் விளையாட்டு. பச்சை பிடித்த ஒரு கரண்டி வந்தது; அதன் நுனி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்ததைப் பார்த்து, அதை வைத்திருந்தவன் இடக்கையால் சட்டியைச் சுரண்டிய சமையல்காரன் என்று கண்டுபிடித்தோம். நீலப் பூப்போட்ட பீங்கான் துண்டு ஒன்றில் கத்திக் கீறல் இருந்தது, அது மேசையில் உட்கார்ந்து இறைச்சி வெட்டித் தின்ற பெரிய ஆளுடையது. "கப்பல்ல இரிந்த ஆக்கள் கதைக்க மாட்டாங்க. அவங்கட சாமான் கதைக்கும். நாம காதக் குடுக்கணும்" என்று வாப்பா சொல்வார். பள்ளிக்கூடத்தில் நான் கெட்டிக்காரி இல்லை, கணக்கில் சைபர் வாங்கினவள். ஆனால் இந்த விளையாட்டில் வாப்பாவையே தோற்கடித்திருக்கிறேன்.

பிறகு எங்கள் வீட்டுக்குத் தொடுபோன் வந்தது. கடலுக்கடியில் கிடக்கிற பழைய கப்பல்களைப் பற்றிய வீடியோக்கள் அதில் எத்தனையோ இருந்தன. வெள்ளைக்காரர்கள் லைட் பிடித்துக்கொண்டு நீந்திப் போவார்கள். மேசை, கோப்பை, சப்பாத்து எல்லாம் சேற்றுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். அவர்கள் கதைப்பது எங்களுக்கு விளங்காது, நாங்களே கதை சொல்லிக்கொள்வோம். ஒரு வீடியோவில் பழைய காலத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். கப்பல்காரர்கள் வரிசையாக நிற்க, நடுவில் ஒருவரின் கையில் ஒரு பூனை இருந்தது. நான் குதித்து எழும்பிவிட்டேன்.

"வாப்பா, கப்பலுக்குப் பூன வேணும்! பாத்தீங்களா? சுக்கானையும் ஏத்தித்துப் போங்க!"

"அது எலி புடிக்கிறதுக்குடி. என்ட தோணில எலி எங்கால வாற?"

"உங்கட சோத்துப் பார்சலக் காவல் காக்கட்டும்."

"ஓம் ஓம்" என்று குசினியிலிருந்து உம்மா சொன்னா, "கள்ளனக் காவலுக்கு வெச்ச மாதிரி இரிக்கும்."

ஆனாலும் வாப்பா ஏற்றிப் போனார். முதல் நாள் சுக்கான் பயந்துபோய் அணியத்தின் மூடிக்கு அடியில், தோணியின் முன்மூலையில், ஒடுங்கிக் கிடந்தானாம். பிறகு பழகிவிட்டான். கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் வாப்பா வலையைத் தோளில் போட்டால் போதும், அவனும் வாலை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடப்பான். கரையில் நின்ற ஆட்கள் "என்ன நானா, இன்டைக்குக் கப்டன் என்ன சொல்றாரு, மீன் இரிக்காமா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பின்னேரம் தோணி கரை தட்டும்போது சுக்கான்தான் முதலில் குதிப்பான். காலில் ஈரம் பட்டது பிடிக்காமல் உதறி உதறி வருகிற அவனைப் பார்த்தால், வாப்பா வந்துவிட்டார் என்று வீட்டிலிருந்தே நான் தெரிந்துகொள்வேன்.

மாரி மழை தொடங்கப்போகிற காலம் அது. அன்றைக்குக் காலையில் கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. "இன்டைக்கு ஒருநாள் போவம், நாளைக்கு ஆருக்குத் தெரியும் காத்து எப்பிடியெண்டு" என்று சொல்லிவிட்டு வாப்பா போனார். சுக்கானும் போனான். பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னது, வரவில்லை. பொழுதுபட்டு மஃரிபுக்குச் சொன்னது, வரவில்லை. ஈரக் காலை உதறிக்கொண்டு யாரும் ஒழுங்கைக்குள் வரவில்லை.

எஞ்சின் பழுதாகியிருக்கும், நீரோட்டம் இழுத்திருக்கும் என்றார்கள். அப்படி இழுபட்டுப் போனவர்கள் வேறு நாட்டுக் கரையில் ஏறி, மாதக் கணக்கு ஆன பிறகு தாடியோடு வீட்டுக்கு வந்த கதை எங்கள் கடற்கரையில் நிறைய உண்டு. அதனால் யாரும் அழவில்லை. கடற்படைக்குச் சொன்னார்கள், மீனவர் சங்கத்துப் படகுகள் புறப்பட்டு நின்றன. ஆனால் எங்கே தேடுவது? வாப்பா எங்கே மீன் பிடிக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. உம்மாவுக்கே தெரியாது. கடற்கரையில் அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் போய் நின்று, மினாராவையும் தண்ணீர்த் தாங்கியையும் மலைக் கூம்பையும் நான் சொன்னேன். வாப்பாவின் இரகசியம் என் வாயிலிருந்து போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. வாப்பா வந்தபிறகு ஏசட்டும், வந்தால் போதும் என்று நினைத்தேன். படகுகள் நான் சொன்ன இடத்துக்குப் போய் வந்தன. அங்கே ஒன்றும் இல்லை. அடுத்த கிழமை அதே படகுகள் அதே இடத்தில் வலை போட்டுக் கலவாய் மீனோடு வந்தன. அவர்களிலும் பிழை இல்லை, அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவர் எங்கள் வாசலுக்கு ஒரு கோர்வை மீன் கொண்டுவந்து தந்தார். உம்மா வாங்கினா. நான் தின்னவில்லை.

பிறகு மழை தொடங்கியது. கடல் இரைகிற சத்தம் வீட்டுச் சுவருக்குள் கேட்டது. எங்கள் வீட்டுக்குப் பெண்கள் வந்து வந்து இருந்தார்கள், யாஸீன் ஓதினார்கள், உம்மாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள். வாப்பா திரும்பி வருவாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம். அதனால் நான் வேறொன்றைக் கேட்டேன்.

"சாச்சி, பூனைக்கு நீந்தத் தெரியுமா?"

உம்மாவின் தங்கச்சி என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தா. "வாப்பாவக் காணாம உம்மா துடிக்கிறா, இவ பூனைக்கு அழுறா. என்ன புள்ளகா இது?"

நான் பூனைக்கு அழவில்லை என்று அவவுக்கு எப்படிச் சொல்வது? போனை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்து கப்பல் வீடியோக்களையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். நூறு இருநூறு வருசத்துக்கு முந்தித் தாண்ட கப்பலை, அவ்வளவு ஆழத்தில், சேற்றுக்குள்ளே, கரண்டி கோப்பையோடு கண்டுபிடிக்கிறார்கள். இந்த மாதம் போன என் வாப்பாவை, தண்ணீருக்கு மேலே இருக்கிறவரை, ஏன் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை? ஒவ்வொரு வீடியோவிலும் அந்த லைட் போகிற இடமெல்லாம் நான் வாப்பாவின் தோணியைத் தேடினேன். பைத்தியம்தான். அந்த நாட்களில் எனக்குப் பைத்தியம்தான் பிடித்திருந்தது.

தெற்குப் பக்கத்துச் சிங்களப் படகு ஒன்று ஆழ்கடலில் எங்கள் தோணியைக் கண்டது. அந்தப் படகுக்காரர் கரைக்கு வந்ததும் தோணியில் எழுதியிருந்த இலக்கத்தை வைத்து எங்கள் மீனவர் சங்கத்துக்குச் செய்தி சொன்னார். தோணியில் ஆள் இல்லை. எஞ்சின் கழற்றிக் கிடந்தது. பூனை ஒன்று உயிரோடு இருந்தது. தோணியைக் கயிறு போட்டு இழுத்து வரும் வழியில் கடல் பெரிதாகிக் கயிறு அறுந்துபோய், தோணி தாண்டு போனது. பூனையை அதற்கு முன்னமே தன் படகில் ஏற்றிக்கொண்டதால் அது பிழைத்தது. தோணியைக் கண்ட நேரம் எடுத்த ஒரேயொரு படத்தை அவர் அனுப்பியிருந்தார்.

அந்தப் படத்தைப் பார்த்து ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஆள் இல்லாத தோணி, ஆள் மவுத்து, காயிப் ஜனாஸா தொழுதுவிடலாம், உம்மா இத்தா இருக்கலாம் என்றார்கள் சிலர், இன்னும் பொறுக்கலாம் என்றார்கள் மற்றவர்கள். மவுத்தானவரின் உடல் முன்னால் இல்லாமல் அவருக்காகத் தொழுவதைத்தான் காயிப் ஜனாஸா என்பார்கள். இத்தா என்றால் புருசன் மவுத்தானவள் நாலு மாதத்துக்கு மேல் வெள்ளை உடுத்து, வெளி ஆம்பிளை முகம் பாராமல், வீட்டுக்குள் இருப்பது. எங்கள் குடி மரைக்கார், பள்ளியில் எங்கள் குடும்பங்களுக்காகப் பேசுகிறவர், மௌலவியையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று மெதுவாகத்தான் கேட்டார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்றா. நான் கதவுக்கு முன்னால் நின்றேன். உள்ளேயிருந்து உம்மாதான் கதைத்தா.

"போட்டோவப் பாத்தீங்களா மரைக்கார்? பூனட வயித்தப் பாருங்க. கொழுத்துப் பெய்த்து நிக்கி. கடல்ல இத்தின நாள் அதுக்குத் தீனி போட்ட ஆரு? அவரு இரிந்திரிக்காரு. தீனி குடுத்து வளத்திரிக்காரு. ஏதும் கப்பல் வந்து அவர ஏத்தித்துப் பெய்த்திரிக்கும், பூனைய உட்டுட்டுப் போங்க எண்டிரிப்பாங்க. நான் இத்தா இரிக்க ஏலா."

மரைக்கார் மௌலவியைப் பார்த்தார். மௌலவி இளம் ஆள். "இதுல அவசரம் ஒண்டும் இல்ல உம்மா. நிச்சயம் வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உம்மாவின் நம்பிக்கை முழுக்க அந்தப் பூனையின் வயிற்றில் இருந்தது. ஒரு நாளும் அவன் பெயரைச் சொல்லாதவ, போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு "சுக்கான், சுக்கான்" என்று தடவுவா. வருகிறவர்களுக்கெல்லாம் படத்தைக் காட்டி, "பாத்தீங்களா, எப்பிடி இரிக்கான் எண்டு" என்பா. நானும் நம்பினேன். சாப்பிட்டேன், தலை சீவினேன். தாடியோடு வரப்போகிற வாப்பாவுக்கு என்னென்ன கதை சொல்வது என்று யோசித்து வைத்தேன்.

ஒருநாள் காலை தேங்காய் வாங்கக் கடைக்குப் போனேன். என்னை அங்கே யாரும் கவனிக்கவில்லை. இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

"கொழுத்துப்போய் நிக்கிதாம்கா அந்தப் பூன."

"அப்ப அது என்னத்தத் திண்டு இரிந்திச்சாம் இத்தின நாளா? தோணியில வேற என்ன கிடந்த, அந்த மனிசனத் தவிர?"

"தவ்பாச் செய்கா. கேக்கவே ஏலா."

தேங்காயை வாங்காமல் ஓடி வந்துவிட்டேன். சுக்கான் அப்படிச் செய்ய மாட்டான், என் நெஞ்சில் கால் ஊன்றி எழுப்புகிறவன், அவன் செய்ய மாட்டான். ஆனால் சொல்லிவிட்டார்களே. ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ? உம்மாவின் காதிலும் விழுமோ? அவன் என்ன தின்றான் என்று கண்டுபிடிக்காமல் இந்தக் கதையை என்னால் தூக்கிக்கொண்டு இருக்க முடியாது. போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினேன். அதுவரை நாங்கள் எல்லோரும் பூனையின் வயிற்றைத்தான் பார்த்தோம், தோணியை யாரும் பார்க்கவில்லை. வாப்பா பக்கத்தில் இருந்து "சொல்லு மகள், ஆர்ர இது?" என்று கேட்பது போல ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன்.

அணியத்துக்கு மேலே வாப்பாவின் நீலக் கட்டம் போட்ட சாரன் கூடாரம் போலக் கட்டியிருந்தது. அதன் ஓரத்தில் மழைத் தண்ணீர் வடிந்து விழுகிற இடத்தில் எஞ்சினுக்கு எண்ணெய் கொண்டுபோகிற கேன், பாதிக்கும் கீழே வெட்டி, ஒரு தட்டைப் போல வைத்திருந்தது. சாரன் நிழலுக்குள்ளே, தோணியின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு ஒரு தூண்டில் நைலோன். அதில் நீட்டு நீட்டாக மீன் துண்டுகள், வாப்பா வெட்டுகிற மாதிரியே. ஒரு பக்கம் காலியாகி, மறுபக்கம் இன்னும் கொஞ்சம் தொங்கியது. காலியான பக்கத்துக்கு நேரே கீழே சுக்கான் நின்றான்.

எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்துவிட்டது. கண்டுபிடித்துவிட்டேன்! உம்மாவிடம் ஓடினேன். உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா.

"உம்மா! உம்மா! இஞ்ச பாருங்க, வாப்பா கருவாடு போட்டிரிக்காரு! சுக்கான் அதத்தான் திண்டிரிக்கான், வேற ஒண்டும் இல்ல! கயிறு கட்டி, தண்ணியும் வெச்சி, எல்லாம் செஞ்சிரிக்காரு வாப்பா!"

உம்மா கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினா. நான் செய்தது போலவே இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தா. முதலில் சிரிப்பு வந்தது அவவுக்கு. "ஓம், அவர்ர வெட்டுத்தான்" என்றா. பிறகு விரல் கயிற்றின் மேல் நின்றது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய், சுக்கானின் முதுகுக்கு வந்து, திரும்பவும் கயிற்றுக்குப் போனது.

"பதிச்சிக் கட்டி இரிக்காரு" என்றா உம்மா.

எனக்கு விளங்கவில்லை.

"ஒரு நாளும் பதிச்சிக் கட்டாத மனிசன். தனக்கெண்டா ஒசத்தித்தானே கட்டியிரிப்பாரு, இவன் எட்டித் திண்டுருவான் எண்டு." உம்மா என்னைப் பார்க்காமல் சுவரோடு கதைப்பது போலக் கதைத்தா. "தண்ணியையும் நக்கிக் குடிக்கிற மாதிரி வெட்டி வெச்சிரிக்காரு. இது மனிசன் குடிக்கிற ஏனமா? இனித் தனக்கு வேணா எண்டு தெரிஞ்சிரிக்கு. ஏலாமப் போகப்போகுது எண்டு தெரிஞ்சிரிக்கு அவருக்கு. இதுக்கெண்டாலும் ஒரு வழியச் செஞ்சி வெச்சிட்டு..."

அவ முடிக்கவில்லை. சுளகு கவிழ்ந்து அரிசி நிலமெல்லாம் சிந்தியது. இத்தனை நாள் அழாமல் வைத்திருந்தது எல்லாம் அப்போது வந்தது. அது மனிதர் அழுகிற சத்தம் போல இருக்கவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. பூனைமேல் விழுந்த பழியைத் துடைக்கப் போய், நான் என் வாப்பாவின் மவுத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து உம்மாவின் கையில் கொடுத்திருக்கிறேன். எங்கள் விளையாட்டில் நான் கடைசியாக வென்றது அன்றைக்குத்தான்.

அழுது முடித்து உம்மா எழும்பிக் குளித்தா. ஈரத் தலையோடு வந்து, "மரைக்காருக்குப் பெய்த்துச் சொல்லு மகள், நிச்சயம் வந்திட்டு எண்டு. வரக்குள்ள வெள்ளச் சீலை ஒண்டும் வாங்கிட்டு வா" என்றா. அந்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வாப்பாவுக்குக் காயிப் ஜனாஸா தொழுதார்கள். முன்னால் உடலைத் தூக்கி வருகிற சந்தூக்கு இல்லை. அடக்கம் செய்கிற மையவாடியில் வாப்பாவுக்கென்று ஓர் அடி மண்ணும் இல்லை.

அந்தச் சிங்களப் படகுக்காரர் நல்ல மனிதர். சங்கத்தில் வாங்கிய இலக்கத்துக்கு ஒருநாள் அவரே அழைத்தார். தெரிந்த கொஞ்சத் தமிழில், "பூனே நல்லம். சாப்பிடுது. பஸ்ல அனுப்பவா?" என்று கேட்டார். நான் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வேணாம் என்று தலையை ஆட்டினா.

"உம்மா, அவன் மட்டும்தானே உம்மா வாப்பாவோட இரிந்த. அவனுக்கு மட்டும்தானே தெரியும்."

"அதாலதான் சொல்றன். அவரு வராம இது மட்டும் காலை உதறித்து வந்து நிண்டா, அந்த மூஞ்சிய நான் எப்பிடிப் பாப்பன்? வேணாம் மகள். அங்கயே நல்லா இரிக்கட்டும்."

நான் போனைத் திரும்பக் காதில் வைத்து, "வேணாம் ஐயா, நீங்களே வெச்சிருங்க" என்று சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஒரு பூனையின் குரல் கேட்டது. சுக்கான்தானா, வேறு பூனையா, தெரியாது. நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்குள் இணைப்பு போய்விட்டது. வாப்பாவுக்காக அழ ஊரே கூட வந்தது. அவனுக்காக நான் குளியலறைக்குள், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

உம்மா இத்தா இருந்த காலத்தில் கடைக்கும் பள்ளிவாசலுக்கும் ஓட வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை. அப்படி நின்ற பள்ளிக்கூடம் நின்றதுதான். இப்போது வீட்டில் இருந்து ஹபாயா தைக்கிறேன். கப்பலடி இப்போது யாருக்கும் இரகசியம் இல்லை, சின்னப் பொடியன்களின் போனிலும் அந்த இடம் குறித்திருக்கிறது. அதன்மேல் அறுந்த வலைகள் மூடிப்போய் இப்போது மீனும் குறைவாம். வாப்பா தோணி ஏற்றிய இடத்தைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது, அங்கே கல் கொட்டியிருக்கிறார்கள். கரண்டியும் பீங்கான் துண்டும் என் தையல் மெஷினின் இழுப்பு லாச்சிக்குள் கிடக்கின்றன. கையில் எடுத்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

கப்பல் வீடியோக்களை இப்போதும் பார்க்கிறேன், லைட் கப்பலுக்குள்ளே போகிற இடம் வரைக்கும்தான். அதற்கு மேல் முடிவதில்லை. எங்கள் தோணியும் இப்போது அப்படித்தானே எங்கேயோ கிடக்கிறது. சாரன் உக்கிப் போயிருக்கும். நைலோன் உக்காது. நூறு வருசம் கழிந்து எவனாவது லைட் பிடித்துக்கொண்டு போனால், இரண்டு விளிம்புக்கும் நடுவில் பதித்துக் கட்டிய ஒரு கயிற்றைக் காண்பான். அது யாருடையது, யாருக்காகக் கட்டியது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டு ஆள் அல்லாத ஒருவருக்கும் அது விளங்காது.

முருங்கை மரம் இன்னும் நிற்கிறது. வாங்கின மீன் மிஞ்சுகிற நாளில் நான்தான் வெட்டிக் காயப்போடுகிறேன். எனக்குக் கை உயர மாட்டேன் என்கிறது. கயிற்றை முழங்காலளவில் கட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். ஒழுங்கையில் திரிகிற பூனைகள் வந்து, பாயாமல் கொள்ளாமல், நின்ற நிலையில் தின்றுவிட்டுப் போகும். உம்மா குசினி வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பா. கறிக்கு ஒரு துண்டும் மிஞ்சாது. ஒசத்திக் கட்டு என்று அவ ஒரு நாளும் சொல்வதில்லை.